அம்பத்தூர்ப் பக்கத்துப் பேலட் மரக்கடை: குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்த விரும்புவோருக்கு ஒரு மதிப்புரை

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பகுதிகளுக்குக் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் வந்திறங்குகின்றன. சரக்கு உள்ளே போனதும், அதைத் தாங்கிவந்த பேலட்டுகளும் (சரக்கை அடுக்கித் தூக்க உதவும் மரத்தட்டுகள்) பேக்கிங் பெட்டிகளும் வெளியே குவிகின்றன. அவற்றை லாரிக்கணக்கில் எடுத்துவந்து, பிரித்து, பலகையாகவும் சட்டமாகவும் விற்கும் கடைகள் அந்தச் சாலைகளில் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அத்தகைய ஒரு கடையில் தொடர்ந்து மரம் வாங்கி, வாடகை வீட்டுக்கு வேண்டிய அலமாரி முதல் நவராத்திரிக் கொலுப்படி வரை செய்து பயன்படுத்திவருகிறேன். இந்த மதிப்புரை அந்தக் கடையைப் பற்றியதாக இருந்தாலும், அதே முறையில் இயங்கும் பிற கடைகளுக்கும் இதில் சொல்பவை பெரும்பாலும் பொருந்தும் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவேலையில் ஆர்வமும் வாரக் கடைசியில் சில மணி நேரமும் உள்ளவர்களுக்கு இந்தக் கடை மிகவும் நல்லது. ஆனால் அங்கு மலிவாக இருப்பது மரம் மட்டுமே. ஆணி பிடுங்குவதும் இழைப்பதும் உலர்த்துவதும் நம் தலையில் விழும் வேலைகள். அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், ஒரு பேலட்டைப் பாதி பிரித்த நிலையில் மொட்டை மாடியில் போட்டுவைத்துவிட்டுப் புது பிளைவுட் வாங்கப் போவார்கள்.

கடையில் மரம் மூன்று நிலைகளில் கிடைக்கிறது. முழுப் பேலட்டாக வாங்கலாம். ஆணி பிடுங்கிய பலகையாக வாங்கலாம். கடையிலேயே உள்ள இயந்திரத்தில் இருபுறமும் இழைத்த பலகையாகவும் வாங்கலாம். இழைத்த பலகைக்குக் கேட்கும் விலை, அதே அளவு பலகையை முழுப் பேலட்டிலிருந்து நாமே பிரித்தெடுத்தால் ஆகும் செலவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. முதன்முறை செல்பவர்களுக்கு அது அதிகமாகத் தோன்றும்; எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பேலட்டில் என்ன இருக்கிறது என்பதை அறிந்த பிறகு அந்த விலை நியாயமானது என்றே கருதுகிறேன்.

ஐரோப்பாவிலிருந்து வரும், இபால் (EPAL) என்ற ஐரோப்பியப் பேலட் சங்கத்தின் முத்திரையிட்ட பேலட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 1200 மில்லிமீட்டர், அகலம் 800 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 25 கிலோ. அதில் 11 பலகைகளும் 9 கட்டைகளும் 78 ஆணிகளும் இருக்கின்றன. அந்த ஆணிகள் நம் ஊர்க் கடையில் வாங்கும் வழுவழுப்பான கம்பி ஆணிகள் அல்ல. உடலில் வரிகளோ முறுக்கோ கொண்டு மரநாரைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கடப்பாறையைச் செருகி நெம்பினால் ஆணி வருவதற்கு முன்பே பலகையின் நுனி பிளந்துவிடும். மேல்தளத்துப் பலகைகளை மட்டும் சேர்த்தால் ஏறத்தாழ 8 சதுர அடி மரம் கிடைக்க வேண்டும். நெம்பிப் பிரித்தால் அதில் கணிசமான பகுதி பிளவுபட்டு வீணாகும். கடையில் வேலை செய்பவர்கள் நெம்புவதில்லை. பலகைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள சந்தில் இரும்பறுக்கும் வாளை நுழைத்து ஆணியின் உடலையே அறுத்துவிடுகிறார்கள். பலகை முழுதாகத் தனியே வந்துவிடும். உள்ளே நிற்கும் துண்டைப் பின்புறமிருந்து தட்டி வெளியேற்றிவிடலாம். வீட்டில் பிரிக்க விரும்புகிறவர்களும் இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஆணி பிடுங்கிய பலகையை வாங்கும்போதும் ஒரு சிறு காந்தத்தைக் கையில் கொண்டுசென்று இருபுறமும் தடவிப் பாருங்கள். தலை உடைந்து மரத்துக்குள் புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. அது இழைப்புளியின் வாயில் சிக்கினால் கத்தி போய்விடும். சுழலும் இயந்திர வாளில் சிக்கினால் அதைவிட மோசமானது நடக்கும். அந்த 9 கட்டைகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அவற்றில் பல, முழு மரமாக இல்லாமல் மரச்சிம்புகளைப் பசையிட்டு அழுத்திச் செய்தவையாக இருக்கும். மேசைக்குக் காலாகவோ விளக்கு வைக்கும் பீடமாகவோ பயன்படுத்தலாம் என்று தோன்றும், ஆனால் ஈரம் பட்டால் ஊதி உதிரும். வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரிந்தால் மரம். சிம்புகள் தெரிந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பேலட்டின் பக்கவாட்டில் சூட்டுக்கோலால் பொறித்ததுபோல் ஒரு முத்திரை இருக்கும். இடப்புறம் கோதுமைக் கதிர்ச் சின்னமும் அதனுடன் ஐபிபிசி (IPPC) என்ற எழுத்துகளும், வலப்புறம் நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளும், தயாரிப்பாளரின் எண்ணும், மரத்துக்கு என்ன செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் சுருக்கக் குறியும் இருக்கும். மரத்தோடு பூச்சிகளும் நாடு தாண்டிப் போய்விடக்கூடாது என்பதற்காக 2002ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச நெறிமுறையின் முத்திரை இது. எச்டி (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நீடிக்கும்படி சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுவை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் தடைசெய்துவிட்டது. ஆயினும் எம்பி முத்திரையுள்ள மரம் குவியலில் இன்னமும் கண்ணில் படுகிறது. வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு எச்டி முத்திரையுள்ள மரத்தை மட்டுமே நான் எடுக்கிறேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். முத்திரையே இல்லாத மரம் பெரும்பாலும் உள்நாட்டுப் போக்குவரத்துக்காகச் செய்யப்பட்டது. அதன்மீது எண்ணெய் கொட்டியதா, வேதிப்பொருள் கொட்டியதா என்பதைக் கறையையும் வாடையையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எச்டி மரத்துக்கும் அந்தச் சோதனை தேவைதான். எனவே எந்தப் பேலட் மரத்தையும் காய்கறி நறுக்கும் பலகைக்கோ, வாயில் வைத்துக் கடிக்கும் வயதுக் குழந்தையின் பொம்மைக்கோ பயன்படுத்தாதீர்கள்.

இந்தக் கடையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. முழுப் பேலட்டில் முத்திரையைப் பார்த்து வாங்கிவிடலாம். பிரித்த பிறகு முத்திரையுள்ள கட்டை ஒரு பக்கமும் பலகைகள் வேறு பக்கமும் போய்விடுவதால், குவியலில் உள்ள பலகை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிய வழியே இல்லை. எச்டி பேலட்டிலிருந்து வந்த பலகைகளைத் தனியாக அடுக்கிவைக்க முடியாதா என்று கேட்டேன். வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கான்கிரீட் போடுவதற்கு முட்டுப்பலகை தேடிவருகிறவர்கள், அவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை என்று பதில் வந்தது. வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் இது மாறும் என்று நம்புகிறேன். அதுவரை நான் கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு: முத்திரையைப் பார்த்து முழுப் பேலட்டைத் தேர்ந்தெடுத்து, கூலி கொடுத்து நம் கண்முன்னே பிரித்து இழைத்துத் தரச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள், கூலியும் நியாயமாகவே இருக்கிறது.

நீலச்சாயம் பூசிய பேலட்டுகள் செப் என்ற நிறுவனம் வாடகைக்கு விடுபவை, விற்பனைக்குரியவை அல்ல. அவற்றை இந்தக் கடை வாங்குவதில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தக் கடையின்மீது எனக்கு மதிப்பு கூடியது.

மரத்தின் தரம் என்று பார்த்தால், இறக்குமதிப் பேலட்டுகளில் பெரும்பகுதி பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள். எடை குறைவு, சாதாரணக் கைவாளே போதும், கணுக்களும் ரேகைகளும் இழைத்தவுடன் அழகாக எழும்பும். சில பலகைகளில் சாம்பல் கலந்த நீல நிறத்தில் கோடுகள் ஓடியிருப்பதைப் பார்த்து, மரம் உளுத்துப்போய்விட்டது என்று ஒதுக்குகிறார்கள். அது ஒருவகைப் பூஞ்சை விட்டுச்சென்ற கறை. நிறத்தை மாற்றுமே தவிர மரத்தின் வலிமையைக் குலைப்பதில்லை. உலர்ந்த மரத்தில் அது மேலும் பரவாது. நீலக்கறையுள்ள பலகைகளை வரிசையாக ஒட்டிச் செய்த சாவி மாட்டும் பலகைதான் என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிக்கும் பொருள். உள்நாட்டுப் பெட்டிகளில் ரப்பர் மரம், தைலமரம், மா, வாகை எல்லாம் கலந்திருக்கும். வாகைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள்; கனமாக இருந்தாலும், அதன் கரும்பழுப்பு நிறத்துக்கு எந்தச் சாயமும் வேண்டியதில்லை.

வெப்பமூட்டிய மரத்தைக் கரையான் தொடாது என்று கடையில் சொல்கிறார்கள். இந்தக் கூற்றை ஏற்கவேண்டாம். வெப்பம், அந்த நேரத்தில் மரத்துக்குள் இருந்த பூச்சிகளைக் கொல்கிறது. அதற்குப் பிறகு வருபவற்றைத் தடுக்கும் எந்தப் பொருளும் மரத்தில் தங்குவதில்லை. சென்னையின் கரையானுக்குப் பைன் மரம் எளிதான இரை. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த வெந்நீர்க் கரைசலை, இழைத்த பலகையின் எல்லா முகங்களிலும், குறிப்பாக வெட்டுமுகங்களில், இரண்டு மூன்று முறை தூரிகையால் பூசி உலரவிட்டால் நல்ல பாதுகாப்பு கிடைக்கும். தண்ணீர் பட்டால் இது கரைந்து வெளியேறிவிடும் என்பதால் வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். பால்கனியில் வைக்கும் செடிப்பெட்டிக்குப் பொருந்தாது. கரைசலைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். கடையில் மரத்தைத் திறந்தவெளியில் குவித்து, மழை வந்தால் மேலே தார்ப்பாய் போடுகிறார்கள். அடியில் உள்ள பலகைகள் நனைந்தே கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிய பலகையை உடனே அறைந்து பொருத்தினால், தை மாசி வெயிலில் அது சுருங்கி, இணைப்புகளில் விரல் நுழையும் சந்து விழும். மரம் நாரோட்டத்தின் குறுக்கேதான் சுருங்கி விரிகிறது; நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. ஆகவே வாங்கிவந்த பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவைக்காமல், இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளைக் கொடுத்துக் கிடைமட்டமாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, காற்றோட்டமுள்ள அறையில் சில வாரங்கள் விட்டுவைப்பது அவசியம்.

இந்த மரத்தால் செய்தவற்றில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது கொலுப்படி. புதிய இரும்புப் படிகளுக்கும் பிளைவுட் படிகளுக்கும் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகச் சிறியது. அதைவிட, மரப்படிமேல் வெள்ளை வேட்டி விரித்துப் பொம்மைகளை அடுக்கும்போது கிடைக்கும் தோற்றம் வேறு எதிலும் வருவதில்லை. இரண்டு இபால் பேலட்டுகளின் மேற்பலகைகளே, தலா ஓரடி அகலமுள்ள 3 படிகளுக்குப் போதும். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். நுனிகளில் உள்ள ஆணித் துளைகளை அறுத்து நீக்கினால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ மூன்றரை அடி நீளம் வரும். 22 மில்லிமீட்டர் பலகை இழைத்த பிறகு 18 அல்லது 19 மில்லிமீட்டராகக் குறையும் என்பதால், மண்பொம்மைகளின் கனத்தைத் தாங்க இரண்டடிக்கு ஒரு தாங்குசட்டம் கொடுக்க வேண்டும். படியின் நடுவில் ஒன்று வைத்தாலே அந்தக் கணக்கு சரியாகிவிடும். ஆணி அறையாமல் போல்ட் போட்டு இணைத்தால், விஜயதசமி முடிந்ததும் பிரித்துப் பரணில் ஏற்றிவிடலாம். அடிப்பலகைகளும் குறுக்குப் பலகைகளும் பக்கச் சட்டங்களுக்குப் பயன்பட்டுவிடுவதால், 2 பேலட்டில் வீணாவது கட்டைகளும் ஆணிகளும் மட்டுமே.

வாடகை வீட்டுச் சுவரில் துளையிட உரிமையாளர்கள் அனுமதிப்பதில்லை. அதனால் ஏணி வடிவில் சுவரில் சாய்ந்து நிற்கும் அலமாரியை இந்தப் பலகைகளில் செய்துகொண்டேன். காலின் அடியிலும் சுவரைத் தொடும் முனையிலும் ரப்பர் ஒட்டிவிட்டால் வழுக்காது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது வேண்டாம். பிடித்து ஏறினால் கவிழும். புகைப்படச் சட்டம், சுவர்க்கடிகாரத்தின் பின்பலகை, மாடித் தோட்டத்துச் செடிப்பெட்டி ஆகியவையும் எளிதாக வருகின்றன. தடித்த சட்டங்கள் இரண்டை ஒட்டி, இரு வரிசையில் ஏழேழு குழி குடைந்தால் பல்லாங்குழி தயார். குடைவதற்குப் பொறுமை வேண்டும்.

மெருகேற்றும் பொருள்களைக் கடையில் விற்பதில்லை, பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. 80, 120, 180 எண்ணுள்ள உப்புத்தாள்களால் அந்த வரிசையிலேயே நாரோட்டத்தின் திசையில் தேய்த்தால் போதும். ஆணித் துளைகளை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்கலாம். நானோ, அந்தத் துளைகளை அடைக்காமல் விடுவதையே விரும்புகிறேன். கடல் கடந்து வந்த மரம் என்பது அவற்றில்தான் தெரிகிறது. பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் முதலில் கணுக்களின்மீது அரக்கு பாலிஷை ஒரு கை பூசுங்கள். இல்லையேல் பைன் மரத்தின் பிசின் சில மாதங்களில் பெயிண்டுக்கு மேல் மஞ்சளாகக் கசிந்து நிற்கும். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றுடன் சேர்ந்து உலரும்போது வெப்பம் வெளியிடுவதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்திய பிறகே எறிய வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்கும் மூக்குக்கும் தீங்கு செய்யும்.

கடையின் பின்பக்கத்தில் இடிக்கப்பட்ட வீடுகளின் சன்னல்களும் கதவு நிலைகளும் கிடக்கின்றன. பழைய சாயம் அடுக்கடுக்காய் உரிந்து நிற்கும் சன்னலைக் கண்ணாடிச் சட்டமாக மாற்றுவது இப்போது பலரும் விரும்புவது. தோற்றமும் உண்மையிலேயே அழகானது. ஆனால் இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 10 லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல்தான் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இந்தப் பகுதியில் உள்ள மரத்தைச் சிறு குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ உள்ள வீட்டுக்குக் கொண்டுசெல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். சாயம் பூசாத பழைய தேக்குச் சட்டங்களும் அதே குவியலில் அவ்வப்போது கிடைக்கின்றன. அவற்றின் விலை பேலட் மரத்தைவிடப் பல மடங்கு, பேரம் பேசினாலும் அதிகம் குறைவதில்லை. ஆனாலும் ஒரு சிறிய சாமி மாடத்துக்குத் தேக்குத் துண்டு தேடுபவர்கள் தேடிப் பார்க்கலாம்.

சேவையைப் பொறுத்தவரை, அரைச்சுமை மரம் வாங்க வந்தவரையும் இங்கு மதித்துப் பேசுகிறார்கள். குவியலிலிருந்து விருப்பம்போல் பொறுக்கிக்கொள்ள விடுகிறார்கள், அளவு சொன்னால் அறுத்தும் தருகிறார்கள். இயந்திரத்தில் இழைத்ததன் தரத்தில் குறை சொல்ல முடியாது. கனம் மட்டும் பலகைக்குப் பலகை சற்று மாறுபடுகிறது. ஒரே பொருளுக்கான பலகைகள் அனைத்தையும் ஒரே தடவையில், இயந்திரத்தின் அளவை மாற்றாமல் இழைத்துத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தச் சிக்கல் எழாது. ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். வண்டி வசதி கிடையாது. சாலையோரம் நிற்கும் குட்டி யானையை நாமே பேசிக்கொள்ள வேண்டும். சிறிய அளவு வாங்கும்போது அந்த வாடகை மரத்தின் விலையை எட்டிவிடுவதால், அக்கம்பக்கத்தில் இருவர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். கொலுப்படிக்கு மரம் தேடுபவர்கள் ஆடி மாதமே போய்விடுங்கள். மழைக்கு முன்பு குவியல் உலர்ந்திருக்கும், பலகையை அடுக்கிவைத்து ஆறவிடவும் புரட்டாசிக்குள் போதிய நாள் கிடைக்கும்.